அடித்தது எத்தனை, மிஞ்சியது எத்தனை: மோர்கன் வெள்ளி டாலரின் தரமும் விலையும்

1962ஆம் ஆண்டின் முற்பாதியில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட 1903ஆம் ஆண்டு மோர்கன் வெள்ளி டாலர் புழங்காத நிலையில் இருந்தால் அதன் பட்டியல் விலை 1,500 டாலர். அன்றைக்கு ஒரு புதுக் காரின் விலையில் கிட்டத்தட்டப் பாதி. அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. கிறிஸ்துமஸ் பரிசாக வெள்ளி டாலர் கொடுக்கும் வழக்கம் அப்போது இருந்தது. வங்கிகள் காசு கேட்டன. கருவூலம் பல்லாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த மூட்டைகளை எடுத்து அனுப்பியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பளபளவென்று அதே 1903, அதே நியூ ஆர்லியன்ஸ் முத்திரை. சில வாரங்களில் விலை சில பத்து டாலர்களுக்கு இறங்கிவிட்டது.

அந்த ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் 44.5 லட்சம் டாலர்கள் அடித்தது என்பது ஏட்டில் இருந்தது. சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவற்றில் பெரும்பங்கு உருக்கப்பட்டுவிட்டது என்று நம்பியிருந்தார்கள், அவ்வளவுதான். பழைய அமெரிக்க வெள்ளிக் காசுகளைச் சேர்க்க வருகிறவர்கள் முதலில் மனதில் இருத்த வேண்டியது இந்தக் கதையைத்தான் என்பேன். ஒரு காசு எத்தனை அடிக்கப்பட்டது என்பது பாதி விவரம். எத்தனை மிஞ்சின, எந்தக் கோலத்தில் மிஞ்சின என்பதே மீதி. விலை நிற்பது அந்த மீதியின் மேல். தர நிர்ணயம் என்று சொல்லப்படும் கிரேடிங்கும் அதைத்தான் அளக்கப் பார்க்கிறது.

இந்தக் காசுகளின் பிறப்பே விசித்திரமானது. 1873ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் அமெரிக்காவின் வழக்கமான வெள்ளி டாலரை நிறுத்தியது. அதே காலத்தில் நெவாடாவின் காம்ஸ்டாக் சுரங்கங்களிலிருந்து வெள்ளி மலைமலையாக வந்துகொண்டிருந்தது, விலை சரிந்தது. சுரங்க முதலாளிகளும், கையில் பணப்புழக்கம் பெருக வேண்டும் என்று விரும்பிய விவசாயிகளும் சேர்ந்து கொடுத்த நெருக்கடியில், 1878 பிப்ரவரியில் பிளாண்ட்–அலிசன் சட்டம் நிறைவேறியது. அதிபர் ஹேய்ஸ் தடுத்தும் காங்கிரஸ் விடவில்லை. மாதாமாதம் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை அரசு வாங்கி டாலராக அடித்தே ஆக வேண்டும் என்றது சட்டம். யாருக்குத் தேவை என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

வடிவம் வரைந்தவர் ஜார்ஜ் மோர்கன், இங்கிலாந்திலிருந்து 1876இல் வந்த அச்சுச் செதுக்குநர். தலைப் பக்கத்தில் இருக்கும் சுதந்திர தேவியின் முகத்துக்கு மாதிரியாக அமர்ந்தவர் அன்னா வில்லெஸ் வில்லியம்ஸ் என்ற பிலடெல்பியா ஆசிரியை. பின்பக்கம் சிறகு விரித்த கழுகு. எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. புழக்கத்துக்காக 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921இல் ஒரே ஒரு ஆண்டும் அடித்தார்கள். மொத்தம் சுமார் 65 கோடி. பிலடெல்பியா காசில் முத்திரை எழுத்து கிடையாது. நியூ ஆர்லியன்ஸுக்கு ஓ, சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ், நெவாடாவின் கார்சன் சிட்டிக்கு சி.சி., 1921இல் மட்டும் டென்வருக்கு டி. கழுகுக்குக் கீழே, மாலையின் முடிச்சுக்கு அடியில் இந்தச் சின்ன எழுத்து இருக்கும். அந்த ஒரு எழுத்து சில நூறு டாலரைச் சில ஆயிரமாக்கிவிடும்.

இத்தனை கோடியை அடித்தார்களே, மக்கள் வாங்கிக்கொண்டார்களா? மேற்கு மாநிலங்களிலும் தெற்கிலும் ஓரளவு புழங்கியது. மற்ற இடங்களில் இந்தக் கனமான காசை யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரியத் தயாராக இல்லை. அதற்குப் பதிலாக வெள்ளிச் சான்றிதழ் என்ற தாள் பணம் கைமாறியது; அதற்கு ஈடான டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப் பைகளில் கட்டப்பட்டுக் கருவூலத்தில் உறங்கின. ஒரு பையின் எடை ஏறக்குறைய 27 கிலோ. இன்று நூற்று நாற்பது வயதான காசு நேற்று அடித்ததுபோல் கிடைப்பதற்கும், அதன் கன்னத்தில் வெட்டும் கீறலுமாக இருப்பதற்கும் இந்தப் பைகளே காரணம்.

அந்த உறக்கம் பெரிய அளவில் முதன்முதலாகக் கலைந்தது இந்தியாவால். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து வாங்கிய பொருள்களுக்கும் படைகளுக்கும் பிரிட்டன் ரூபாயில் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ரூபாய் நோட்டைக் கொடுத்தால் வெள்ளி ரூபாய் கிடைக்கும் என்பதே நோட்டின் மேல் இருந்த நம்பிக்கை. 1918 வசந்தத்தில் அந்த வெள்ளிக் கையிருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. நோட்டை மாற்ற மக்கள் அலுவலகங்களில் குவிந்தார்கள். பிரிட்டன் அமெரிக்காவிடம் கை நீட்டியது. 1918 ஏப்ரல் 23இல் பிட்மன் சட்டம் வந்தது. 35 கோடி வெள்ளி டாலர்கள் வரை உருக்க அனுமதி. உருக்கப்பட்டவை 27 கோடிக்கும் சற்று மேல். அதில் சுமார் 25.9 கோடி டாலரின் வெள்ளி, அதாவது 20 கோடி அவுன்ஸ், பிரிட்டன் வழியாக இந்தியாவுக்காகப் போனது. 1918, 1919, 1920 என்று தேதியிட்ட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் இருந்தால், அதில் மோர்கன் டாலரின் வெள்ளி கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இணைப்புத்தான்.

சேகரிப்பவருக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. உருக்கியவர்கள் மொத்தக் கணக்கை எழுதினார்கள். எந்த ஆண்டுக் காசு, எந்த நாணயச்சாலைக் காசு என்று பிரித்து எழுதவில்லை. அதனால் 65 கோடியில் எது எவ்வளவு போனது என்பது யாருக்கும் தெரியாமல் போனது. 1903 நியூ ஆர்லியன்ஸ் காசு பற்றிய தப்புக் கணக்கு பிறந்தது அங்கேதான். உருக்கிய ஒவ்வொரு டாலருக்கும் ஈடாக, உள்நாட்டுச் சுரங்க வெள்ளியை அவுன்ஸ் ஒரு டாலருக்கு வாங்கிப் புதிய டாலர் அடிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. 1921இல் மோர்கன் டாலர் திரும்ப வந்ததும், அதே ஆண்டின் இறுதியில் அமைதி டாலர் என்ற புது வடிவம் வந்ததும் அதனால்தான். மூல அச்சுகளை 1910லேயே அழித்துவிட்டதால் 1921க்குப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அந்த ஆண்டுக் காசில் உருவம் மேலோட்டமாகத் தட்டையாக இருப்பதைப் பார்த்த உடனேயே கண்டுகொள்ளலாம்.

மிச்சமிருந்த பைகள் 1960களின் தொடக்கத்தில் வேகமாகக் காலியாயின. வெள்ளிச் சான்றிதழோடு வந்தவர்கள் மூட்டை மூட்டையாக டாலர் வாங்கிப் போனார்கள். 1964 மார்ச்சில் கருவூலம் கதவை மூடியபோது சுமார் 30 லட்சம் காசுகள் மட்டுமே இருந்தன, பெரும்பாலும் கார்சன் சிட்டி டாலர்கள். அவற்றைப் பொதுச் சேவை நிர்வாகம் என்ற அரசு அமைப்பு 1972க்கும் 1980க்கும் இடையில் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துப் பொதுமக்களுக்கு விற்றது.

அந்த விற்பனையில்தான் மிஞ்சியதன் கணக்கு பட்டவர்த்தனமானது. கார்சன் சிட்டியில் 1885இல் அடித்தவை 2,28,000. 1889இல் அடித்தவை 3,50,000. ஏட்டை மட்டும் பார்த்தால் 1885 அரிது. ஆனால் கருவூலத்தில் 1885க் காசுகள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகப் புத்தம் புதிதாகக் கிடைத்தன. 1889க் காசு ஒன்றே ஒன்று. இன்று புழங்காத 1885க் கார்சன் சிட்டி டாலரை நடுத்தர வருமானக்காரர் காத்திருந்து வாங்கிவிடலாம். புழங்காத 1889 அவருக்கு எட்டாது. 1884 கார்சன் சிட்டியோ அடித்த 11 லட்சத்துச் சொச்சத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் அந்தப் பெட்டகத்திலேயே இருந்தது. நூறு ஆண்டு வயதிருந்தும் உலகத்தைப் பார்க்காத காசுகள்.

இனி தரத்துக்கு வருவோம். 1 முதல் 70 வரையிலான எண்ணை 1949இல் முன்வைத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர். அவர் மனதில் இருந்தது வெள்ளி டாலரே அல்ல, பழைய பெரிய செப்பு சென்ட் காசுகள். அடையாளம் மட்டும் தெரியும் அளவுக்குத் தேய்ந்த 1794 சென்ட் ஒரு டாலர் என்றால், குறையே இல்லாதது 70 டாலர் என்ற விலைக் கணக்காக அது தொடங்கியது. விலைக் கணக்கு விரைவில் பொய்த்துப்போனது. எண் மட்டும் நிலைத்தது. அமெரிக்க நாணயவியல் சங்கம் 1970களில் அதை எல்லாக் காசுகளுக்கும் விரித்தது. 4 என்றால் நன்றாகத் தேய்ந்தது. 20 முதல் 35 வரை முக்கிய உறுப்புகள் தெரியும். 40, 45இல் நுண்விவரங்கள் பெரும்பாலும் இருக்கும். 50 முதல் 58 வரை மேட்டுப் பகுதிகளில் மட்டும் லேசான உராய்வு. 60இலிருந்து 70 வரை புழங்காத காசுகள். எம்.எஸ். (மின்ட் ஸ்டேட், நாணயச்சாலையை விட்டு வந்த நிலை) 63, எம்.எஸ். 65 என்று வியாபாரிகள் சொல்வது இந்த வட்டத்தைத்தான்.

புதிதாக வருகிறவர்கள் குழம்பும் இடமும் இதுவே. 60 என்பது 58ஐ விட அழகான காசு என்று எண்ணிவிடுவார்கள். பல நேரம் நேர்மாறு. 60 புழங்கவில்லை, ஆனால் பையில் கிடந்து அடிபட்டு முகமெல்லாம் தழும்பு. 58 சில காலம் கைமாறியிருக்கிறது, ஆனால் முகம் தெளிவு. கையில் பணம் குறைவாக இருந்தால் நல்ல 58ஐத் தேடுங்கள் என்பதே என் கட்சி.

காசை எப்படிப் பார்ப்பது? மேலே ஒரே ஒரு விளக்கு, கையில் ஐந்து அல்லது ஏழு மடங்கு லென்ஸ், மேசையில் மெத்தென்ற துணி. காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்தால், புழங்காத டாலரில் ஒளி ஆரக்கால்களைப்போல நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடிச் சுழலும். அச்சு அழுத்தும்போது வெள்ளி வெளிப்புறமாக நகர்ந்து உண்டாக்கிய கண்ணுக்குத் தெரியாத வரிகள் தரும் மினுக்கு அது. விரல்பட்டு, சட்டைப் பையில் உரசி முதலில் போவது இந்த மினுக்குத்தான். தேவியின் காதுக்கு மேலுள்ள கூந்தல், கன்ன எலும்பு, பின்னால் கழுகின் நெஞ்சு, சிறகு நுனி ஆகிய மேடான இடங்களில் மினுக்கு அறுந்து மங்கலான சாம்பல் நிறம் தெரிந்தால் புழங்கிவிட்டது என்று பொருள்.

ஆனால் நியூ ஆர்லியன்ஸ் காசில் கவனம் வேண்டும். அங்கே அச்சு சீக்கிரம் தேயாமல் இருக்க இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி வைத்து அடித்தார்கள். வெள்ளி அச்சின் ஆழத்தை முழுக்க நிரப்பவில்லை. 1892 ஓ காசை எடுத்துப் பாருங்கள்: காதுக்கு மேல் கூந்தல் இழைகளே இல்லாமல் வழுக்கையாக, கழுகின் நெஞ்சு மழமழவென்று இருக்கும். தேய்ந்தது என்று ஒதுக்கிவிடத் தோன்றும். சாய்த்துப் பார்த்தால் அந்த வழுக்கையின் மேலும் மினுக்கு உடையாமல் ஓடும். அது தேய்மானமல்ல, குறை அச்சு. பக்கத்தில் ஒரு 1881 எஸ் வைத்துப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் அந்த ஆண்டு சுமார் 1.28 கோடி அடித்தார்கள், ஏறத்தாழ எல்லாமே கூர்மையான அடி; ஒவ்வோர் இழையும் எண்ணலாம். விலையும் அதிகமில்லை. கண்ணைப் பழக்க இதைவிட நல்ல காசு இந்த வரிசையில் கிடையாது.

அடுத்து கன்னம். மோர்கன் டாலரில் தேவியின் கன்னம் பெரிய வெற்றிடம், ஒளிவதற்கு இடமில்லாத இடம். ஆயிரம் காசு உள்ள பையைத் தூக்கித் தரையில் போட்டால் ஒரு காசின் பல்விளிம்பு இன்னொன்றின் கன்னத்தில் வெட்டும். அதே அளவு வெட்டு கூந்தலுக்குள் விழுந்திருந்தால் யார் கண்ணிலும் படாது; கன்னத்தில் விழுந்தால் 65 வாங்க வேண்டிய காசு 63க்கு இறங்கும்.

நிறமும் இந்தப் பைகளின் கொடைதான். துணியை ஒட்டிக் கிடந்த காசுகளின் மேல், துணியிலும் காற்றிலும் இருந்த கந்தகம் ஆண்டுக்கணக்கில் படிந்து, மஞ்சள், செவ்வூதா, நீலம், பச்சை என்று அடுக்கடுக்காக நிறமேற்றும். சில காசுகளில் பிறை வடிவில் ஒரு வெள்ளைத் துண்டு மிஞ்சியிருக்கும். மேலே இன்னொரு காசு மறைத்துக் கிடந்த இடம் அது. இன்னும் சிலவற்றில் துணியின் நெசவுக் கட்டமே பதிந்திருக்கும். இயற்கையாக ஏறிய நிறத்துக்கு வாங்குவோர் பல மடங்கு கொடுப்பதால் ரசாயனத்தில் செயற்கையாக நிறமேற்றுவதும் நடக்கிறது. அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கரைந்து மாறாமல் திட்டுத் திட்டாக நின்றால் சந்தேகப்படுங்கள்.

நம் வீடுகளில் வெள்ளிப் பாத்திரம் கறுத்தால் விபூதி போட்டுத் துலக்குவோம். அந்தக் கையோடு காசைத் தொட்டுவிடக் கூடாது. ஒருமுறை தேய்த்தாலும் நேர் நேராக மயிரிழைக் கீறல்கள் விழும், மினுக்கு வரிகள் போய்விடும், திரும்ப வராது. தர நிறுவனங்கள் அத்தகைய காசுக்கு எண்ணே தருவதில்லை. சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதிக் கொடுத்துவிடும். அமிலக் கரைசலில் முக்கி எடுத்தால் கறுப்பு போகும், கூடவே மெல்லிய மேல்தோலும் போகும். திரும்பத் திரும்ப முக்கியெடுத்த காசு வெளுத்து உயிரற்றுத் தெரியும். கறுத்த காசைக் கறுத்தபடியே வைத்திருங்கள். மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளில் மட்டும் வைக்காதீர்கள். சில ஆண்டுகளில் பச்சையாகப் பிசுபிசுப்பு இறங்கி வெள்ளியை அரிக்கும்.

எண்ணுக்கும் விலைக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. 1884 எஸ் 32 லட்சம் அடிக்கப்பட்டது. அதில் கணிசமானது உடனே புழக்கத்துக்குப் போனது. தேய்ந்த காசு சாதாரண மோர்கன் விலைக்குச் சற்று மேலே கிடைக்கும். தர எண் 50களில் விலை ஏறத் தொடங்கி, 60ஐத் தாண்டியதும் ஆயிரங்களில் பாயும். அதற்கு மேலே கோடீஸ்வரர்களின் காசு. 1901 பிலடெல்பியா காசும் அப்படியே: கிட்டத்தட்ட 70 லட்சம் அடித்தும் புழங்காத நிலையில் அபூர்வம். இந்த மாதிரிக் காசுகளில் 58க்கும் 61க்கும் நடுவிலுள்ள கோடு, காது மேலுள்ள கூந்தலில் உராய்வு உண்டா இல்லையா என்ற ஒரு தீர்ப்பு. எல்லா நிலையிலும் அரிது என்றால் 1893 எஸ்தான், வெறும் ஒரு லட்சம். அதில் மிகச் சிறந்ததாகக் கருதப்படும் ஒன்று 2021இல் 20 லட்சம் டாலருக்கும் மேல் போனது.

அந்தத் தீர்ப்பைச் சொல்ல 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்று இரண்டு நிறுவனங்கள் வந்தன. வியாபாரியே தரம் சொல்லி வியாபாரியே விற்ற நிலையை இவை மாற்றின. காசைப் பார்த்து, எண் போட்டு, உடைக்காமல் பிரிக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறார்கள். ஸ்லாப் என்பது அதைத்தான். எனக்கு இவற்றின் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் அந்த எண் சில வல்லுநர்கள் சில நொடிகள் பார்த்துச் சொன்ன கருத்து. தராசு முள் காட்டும் அளவல்ல. அதே காசை உறையிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பி அடுத்த எண் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே எண்ணுக்குள் நல்லதும் சுமாரும் உண்டு என்பதால்தான், 2007இல் தொடங்கிய சி.ஏ.சி. என்ற நிறுவனம் ஏற்கெனவே தரம் பெற்ற காசைப் பார்த்து, எண்ணுக்குத் தகுதியானது என்றால் உறையின் மேல் பச்சை ஒட்டு ஒட்டுகிறது. தரத்தின் மேல் இன்னொரு தரம்.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மோர்கன் டாலருக்குப் போலி புதிதல்ல. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளி விலை விழுந்து கிடந்ததால் ஒரு டாலர் காசில் இருந்த வெள்ளி அரை டாலர்கூடப் பெறவில்லை. ஆகவே கள்ள நாணயம் அடிப்பவருக்குச் சரியான எடையில், உண்மையான வெள்ளியில் அடித்தாலும் பாதிக்கு மேல் லாபம். நியூ ஆர்லியன்ஸ் பெயரில் வந்த 1896, 1900, 1902 ஆண்டுகளின் சின்ன ஓ முத்திரைக் காசுகள் அப்படிப் பிறந்தவை. ஒரு நூற்றாண்டுக்கு அவை அசல் வகையாகவே சேகரிக்கப்பட்டன. 2005இல்தான் பி.சி.ஜி.எஸ்., தான் முன்பு தரச்சான்று கொடுத்தவை உட்பட, எல்லாம் போலி என்று அறிவித்தது.

இன்றைய போலிகள் பெரும்பாலும் சீனாவில் அடிக்கப்படுபவை. முதல் வேலை எடை: 26.73 கிராமிலிருந்து பத்தில் ஒரு கிராமுக்கு மேல் புழங்காத காசு விலகக் கூடாது. தண்ணீரில் தொங்கவிட்டு ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) எடுத்தால் 10.3ஐ ஒட்டி வர வேண்டும். இவை மட்டமான உலோகத்தைப் பிடித்துவிடும். ஆனால் அசல் பிலடெல்பியா 1893 காசில் ஒரு எஸ் எழுத்தை ஒட்டியிருந்தால் தராசால் பிடிக்க முடியாது. அதற்கு அச்சின் அடையாளம் தெரிய வேண்டும்: அசல் 1893 எஸ் காசில், தேவியின் நெற்றிப் பட்டையில் உள்ள லிபர்ட்டி என்ற சொல்லின் டி எழுத்துத் தலையில் சாய்வாக ஒரு நுண்ணிய மேட்டுக் கோடு இருக்கும். லென்ஸ் வைத்து அதைத் தேடாமல் அந்தக் காசுக்குப் பணம் எடுக்காதீர்கள்.

தர நிறுவனத்தின் உறையையே போலியாகச் செய்து, அதில் வேறோர் அசல் காசின் உண்மையான சான்று எண்ணை அச்சிடுகிறவர்களும் உண்டு. அதனால் சான்று எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, இருக்கிறது என்று பதில் வந்ததும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். பல காசுகளுக்கு அங்கே படமும் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி, கன்னத்தில் உள்ள ஒவ்வொரு வெட்டும் விற்பவர் காட்டும் காசில் அதே இடத்தில், அதே சாய்வில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.